வட்டி இறங்கினால் வீடு மலியுமா?

2025 ஜூலை 9ஆம் தேதி மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஓ.பி.ஆர். வட்டியை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75க்கு இறக்கியது. அன்று சாயங்காலத்துக்குள் என் கைப்பேசியில் ஏழெட்டு வீட்டு ஏஜெண்டுகளின் செய்தி வந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஒரே சேதி: வட்டி இறங்கிவிட்டது, வீடு வாங்க இதுதான் நேரம். குடும்ப வாட்சாப் குழுவிலும் யாரோ அதை அனுப்பியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஒரு பேங்கின் வீட்டுக் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்து கோப்பு பார்த்தவன் நான். இந்தச் சேதியைப் பார்க்கும்போதெல்லாம் கவலையாக இருக்கிறது. ஏற்கெனவே கடன் கட்டிக்கொண்டிருப்பவருக்கு வட்டி இறங்குவது நிச்சயம் நல்ல செய்தி. இனிமேல்தான் வாங்கப்போகிறவருக்கு அது நல்லதா கெட்டதா என்பது பேங்க் நெகாராவின் கையில் இல்லை. நிலம் யார் கையில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. இதை நம் ஆட்கள் யாரும் நமக்கு விளக்கிச் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. பேங்குகள் ஒன்றுக்கொன்று ஒரே ஓர் இரவுக்குக் கைமாற்று கொடுத்துக்கொள்ளும்போது அந்த வட்டி எந்த அளவில் இருக்க வேண்டும் என்று பேங்க் நெகாரா வைக்கும் குறிதான் ஓ.பி.ஆர். 2004 ஏப்ரலில் 2.70 விழுக்காட்டில் தொடங்கிய முறை. வருஷத்துக்கு ஆறு முறை குழு கூடி முடிவு செய்கிறது. 2022 ஆகஸ்டிலிருந்து புதிதாக எடுக்கும் வீட்டுக் கடன்களுக்கு எஸ்.பி.ஆர். என்ற ஒரே அடிப்படை வட்டி எல்லா பேங்குக்கும் பொது. அது ஓ.பி.ஆரோடு கட்டிவைக்கப்பட்டது. ஓ.பி.ஆர். கால் விழுக்காடு ஏறினால் இதுவும் கால் விழுக்காடு ஏறும். அதற்கு மேல் பேங்க் தன் பங்கைச் சேர்த்துக்கொள்ளும். உங்கள் ஆஃபர் லெட்டரில் 'எஸ்.பி.ஆர். + 1.25' என்று ஒரு வரி இருக்கும். முப்பத்தைந்து வருஷ வாழ்க்கையைத் தீர்மானிக்கும் வரி அது. பெரும்பாலோர் அதைப் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். 4 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) கடன், 35 வருஷம். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், ஓ.பி.ஆர். 1.75 விழுக்காட்டுக்குப் போனது. இதுவரை அதைவிடக் கீழே போனதில்லை. அதற்கு மேல் 1.25 வைத்தால் கடன் வட்டி 3 விழுக்காடு, மாதக் கட்டு 1,539 வெள்ளி. 2022 மே முதல் 2023 மே வரை ஐந்து தடவையாக ஏற்றி ஓ.பி.ஆரை 3.00க்குக் கொண்டுவந்தார்கள். அதே கடனை 4.25 விழுக்காட்டில் போட்டால் மாதக் கட்டு 1,832 வெள்ளி. வித்தியாசம் ஏறக்குறைய 290 வெள்ளி. சம்பளம் ஒரு வெள்ளி ஏறாமல் மாதாமாதம் 290 வெள்ளி கூடுதலாகப் போகிறது என்றால் என்னவென்று பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்புகிறவர்களுக்குத் தெரியும்.

அந்த 1,832 வெள்ளியில் முதல் மாதம் கடனைக் குறைப்பது வெறும் 415 வெள்ளிதான். மீதி 1,417 வெள்ளியும் வட்டி. முப்பத்தைந்து வருஷமும் இதே வட்டி நீடித்தால் 4 லட்சத்துக்கு நீங்கள் கட்டும் வட்டி மட்டும் 3 லட்சத்து 69 ஆயிரம்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வீட்டு விலைக்கும் வட்டிக்கும் உள்ள உறவு இங்கேதான் இருக்கிறது. மாதம் 1,539 வெள்ளிதான் கட்ட முடியும் என்ற குடும்பத்துக்கு 4.25 விழுக்காட்டில் சுமார் 3 லட்சத்து 36 ஆயிரம் கடன் கிடைக்கும். வட்டி 3 விழுக்காடு என்றால் 4 லட்சம் கிடைக்கும். அதே ஆள், அதே சம்பளம், கடன் மட்டும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு மட்டும் கூடியிருந்தால் கொண்டாடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் கூடியிருக்கிறது, அதே வீட்டுக்கு விலை கேட்கும் இன்னும் பத்துப் பேருக்கும் கூடியிருக்கிறது. விற்கிறவருக்கும் இது தெரியும். வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளருக்கு இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் விலைப்பட்டியல் போடும் முன்பே வாங்குகிறவரால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார். ஆக, வட்டியில் மிச்சமாகும் பணம் கொஞ்ச நாளில் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாதக் கட்டு பழையபடியே நிற்கும், கடன் மட்டும் பெருத்திருக்கும்.

எங்கே வேண்டுமானாலும் வீடு கட்டலாம் என்ற ஊரில் இது இவ்வளவு கடுமையாக நடக்காது. விலை ஏறினால் இன்னும் நாலு பேர் கட்டுவார்கள், விலை இறங்கும். பினாங்குத் தீவில் அது நடப்பதில்லை. சுற்றிலும் கடல், நடுவில் மலை. மிச்சமிருக்கும் தட்டை நிலம் எவ்வளவு என்று ஏர் ஈத்தாமிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு ஒரு தடவை காடியில் போனாலே தெரிந்துவிடும். போதாததற்குக் கடலைத் தூர்த்து நிலம் எடுக்கிறார்கள். அந்த நிலம் யாருடைய சம்பளத்துக்காக எடுக்கப்படுகிறது என்று இங்கே சொல்லத் தேவையில்லை.

தீவின் தலைநகர் ஜார்ஜ்டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முந்தைய கடைவீடுகளின் வாடகையைச் சட்டம் கட்டிப் பிடித்து வைத்திருந்தது. அந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு எடுக்கப்பட்டது. பல தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த குடும்பங்கள் வெளியேறின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியல் வந்தது. அதே ஆண்டுக் கடைசியில் உலக நிதி நெருக்கடி, அதற்கு மருந்தாக 2009 பிப்ரவரியில் ஓ.பி.ஆர். 2.00 விழுக்காடு. மூன்றும் அடுத்தடுத்து வந்தன. மலிவான கடனும் வெளியூர்க் காசும் ஒரே குறுகலான தெருவுக்குள் நுழைந்தால் விலை என்ன ஆகும்? கடைவீட்டுக்கு என்ன விலை என்று கேட்பதையே நம் ஆட்கள் விட்டுவிட்டார்கள்.

2010லிருந்து 2013 வரையிலான ஓட்டத்தை நான் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நாடு முழுவதும் வீட்டு விலை வருஷத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறிய காலம் உண்டு. வீடு கட்டி முடியும் வரை வட்டியை மேம்பாட்டாளரே கட்டுவார் என்ற திட்டம் அப்போது கொடிகட்டிப் பறந்தது. வட்டியை அவர் தன் பையிலிருந்தா கட்டினார்? வீட்டு விலையில் முன்கூட்டியே ஏற்றிவைத்துக் கட்டினார். ஒரே ஆள் மூன்று நாலு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்ட கோப்புகள் மேசைக்கு வந்தன. எல்லோருக்கும் ஒரே திட்டம்தான், சாவி வாங்குவதற்குள் கைமாற்றிவிடுவது.

அப்போது பேங்க் நெகாரா செய்தது கவனிக்கத்தக்கது. கவர்னர் டான்ஸ்ரீ ஸெத்தி அக்தார் அஸிஸ். வீட்டு விலையை அடக்குகிறேன் என்று வட்டியைத் தூக்கி அடித்திருந்தால் சிறு கடைக்காரரும் லாரி கடன்காரரும் சேர்ந்து அடிபட்டிருப்பார்கள். அவர் கடன் கொடுக்கும் விதியை இறுக்கினார். 2010 நவம்பரில் மூன்றாவது வீட்டுக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் கடன் இல்லை என்றார்கள். 2012இல் மொத்தச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கைக்கு வரும் சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். 2013 ஜூலையில் 45 வருஷக் கடனெல்லாம் நின்று, 35 வருஷம்தான் உச்சம் என்றானது. மேம்பாட்டாளர் வட்டி கட்டும் திட்டத்தை 2014 பட்ஜெட்டில் அரசாங்கம் தடை செய்தது. நாட்டுக்கெல்லாம் ஒரே வட்டிதான் வைக்க முடியும், பினாங்குத் தீவுக்கு ஒன்று, பெர்லிஸுக்கு ஒன்று என்று வைக்க முடியாது. அதனால் இந்த மாதிரி விதிகள்தான் வீட்டு விலைக்குச் சரியான ஆயுதம் என்பது என் உறுதியான கருத்து. அந்த விதிகளால் கடன் கிடைக்காமல் போனவர்களின் திட்டையும் நான்தான் கேட்டேன். அப்படியும் என் கருத்து மாறவில்லை.

வட்டி ஒன்றுதான் எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. 1.75 விழுக்காடு இருந்த 2020, 2021இல் விலை பெரிதாக ஏறவில்லை. வேலை போனவர்கள், சம்பளம் வெட்டப்பட்டவர்கள், கட்டி முடித்தும் விற்காமல் கிடந்த கொண்டோக்கள் எல்லாம் சேர்ந்து விலையைப் பிடித்து நிறுத்தின. நாளைக்கும் சம்பளம் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மலிவான வட்டி வேலை செய்யும்.

அடுத்தது விலைவாசி. மத்திய வங்கி வட்டியை ஏற்றுவதே விலைவாசியை அடக்கத்தான் என்று எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும். கடன் விலை கூடினால் ஆட்கள் செலவைச் சுருக்குவார்கள், கம்பெனிகள் விரிவாக்கத்தைத் தள்ளிப்போடுவார்கள், கிராக்கி குறையும், விலை ஏறும் வேகம் தணியும். இது வேலை செய்ய ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும். அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை 20 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விலைவாசியை உடைத்தார். கூடவே லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

நம் வீட்டுச் சமையலறையில் ஏறும் விலையை இந்த ஆயுதம் எவ்வளவு தொடும்? 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்கு முன்பே ஜூலையில் வெள்ளை அரிசிக்குத் தடை, ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு வரி. லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வாசலில் வெங்காய மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் இரண்டே மூட்டை. விலை எழுதும் அட்டையில் பழைய எண்ணை அடித்து மேலே புதிய எண், அதையும் அடித்து அதற்கு மேல் இன்னொன்று. "எடுக்கிறதுன்னா இன்னிக்கே எடுத்துக்குங்கக்கா, நாளைக்கு என்ன வெலைன்னு எனக்கே தெரியாது" என்று கடைக்காரர் ஓர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னி அரிசி பையும் அப்படித்தான். டில்லியில் எடுத்த முடிவு பினாங்கில் விலையாக இறங்குகிறது. இதற்குக் கோலாலம்பூரில் வட்டியை ஏற்றி ஆகப்போவது என்ன? ஏற்றினால் வெங்காயமும் வாங்க முடியாது, வீட்டுக் கடனும் கட்ட முடியாது.

பேங்க் நெகாராவுக்கு இது தெரியாமல் இல்லை. 2008 ஜூன் 5ஆம் தேதி பெட்ரோல் லிட்டர் 1.92 வெள்ளியிலிருந்து ஒரே இரவில் 2.70 ஆனதை மறந்திருக்க மாட்டீர்கள். முதல் நாள் ராத்திரி ஸ்டேஷன்களில் சாலை வரைக்கும் வரிசை நின்றது. ஜூலையில் விலைவாசி ஏற்றம் 8.5 விழுக்காட்டைத் தொட்டது. பேங்க் நெகாரா ஓ.பி.ஆரை 3.50லேயே வைத்திருந்தது, ஏற்றவில்லை. இது மானியம் வெட்டியதால் வந்த ஏற்றம், மக்கள் கையில் காசு புரண்டு வந்த ஏற்றமில்லை என்று கணித்தார்கள். நவம்பரில் வட்டியை இறக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். 2009இல் விலைவாசி ஏற்றம் 1 விழுக்காட்டுக்கும் கீழே போனது. அந்த நிதானம் எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியது.

வட்டியை ஏற்றாமலே இருந்தாலும் ஒரு விலை உண்டு, அது ரிங்கிட்டில் தெரியும். அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தொடங்கி 2023 ஜூலைக்குள் 5.25 - 5.50 வரை ஏறியது. நாம் 3.00லேயே நின்றோம். காசு அதிக வட்டி கிடைக்கும் பக்கம் போகும். 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4.80 ரிங்கிட் வரை விழுந்தது. 1998க்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. பருப்பு, மிளகாய், கோதுமை, கோழித் தீவனம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ரிங்கிட் விழுந்தால் நாசி கண்டாரிலும் ரொட்டி சானாயிலும் அது தெரியும். ஆனால் ரிங்கிட்டைத் தூக்கி நிறுத்த வட்டியை ஏற்றினால் என்ன ஆகும் என்பதை 1998 பார்த்த தலைமுறை அறியும். அப்போது அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டையும் தாண்டியது. வீட்டைப் பேங்க் ஏலம் விட்ட கதை இல்லாத குடியிருப்புத் தாமான் கிடையாது. 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்ட பிறகுதான் வட்டியைத் தயங்காமல் இறக்க முடிந்தது.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் பெட்டி வைத்து உட்கார்ந்திருந்த செட்டியார்கள் ரப்பர் தோட்டத்துக்கும் கடைக்கும் கடன் கொடுத்தவர்கள். ரங்கூனில் நகரத்தார் கோயிலில் மாதந்தோறும் கூடித் தங்களுக்குள் நடப்பு வட்டி எவ்வளவு என்று பேசி முடிவு செய்தார்கள். ஒருவருக்கொருவர் கொடுக்கும் கைமாற்றுக்கு அதுதான் அடிப்படை, மற்ற வட்டியெல்லாம் அதற்கு மேல். ஓ.பி.ஆரின் வேலையும் அதேதான். 1930களில் நெல் விலை சரிந்தபோது கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. கடன் கொடுத்தவர்கள் அந்த நிலத்தை விரும்பிக் கேட்கவில்லை. விலை விழுந்ததும் பணம் திரும்பவில்லை, நிலம்தான் திரும்பியது. கடனும் நிலமும் பின்னிக்கிடக்கும் இடத்தில் இப்படித்தான் ஆகும்.

இன்னொரு கூட்டத்தை எல்லோரும் மறந்துவிடுகிறோம். வட்டி இறங்கினால் எஃப்.டி. எனும் நிரந்தர வைப்புத்தொகையின் வட்டியும் இறங்கும். தோட்டத்து வேலையில் ஓய்வு பெற்றுச் சேமநிதிப் பணத்தைப் பேங்கில் போட்டு, அந்த வட்டியில் மருந்து வாங்கும் பெரியவர்களுக்கு ஒவ்வொரு இறக்கமும் ஒரு வெட்டு.

போன வருஷம் தெரிந்த தம்பி ஒருவர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். சுங்கை ஆராவில் ஓர் அபார்ட்மெண்ட் பார்த்திருந்தார்கள், 4 லட்சம் கடன். மூன்று மாதப் பேஸ்லிப், சேமநிதிக் கணக்கு, பேங்க் நெகாராவின் கடன் பதிவான சிசிரிஸ் அறிக்கை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் ஒழுங்காகப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

"அண்ணே, வட்டி இறங்கியிருக்கு, மாசம் அறுபது வெள்ளி கொறையுதாம். சைன் பண்ணிடலாமா?"

நான் பேஸ்லிப்பை எடுத்தேன். அடிப்படைச் சம்பளம் 2,450. அதற்குக் கீழே ஓ.டி. என்ற கூடுதல் நேரச் சம்பளம் 1,180. அதற்கு முந்தைய மாதம் ஓ.டி. 640. இன்னும் முந்தைய மாதம் 1,310. நான் எண்ணைச் சுட்டியதும் அவர் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. "ஆர்டர் இல்லாத மாசம் ஓ.டி. கெடையாதுங்கண்ணே" என்றார்.

இதுதான் விஷயம். பாயான் லெப்பாஸின் ஓ.டி. அமெரிக்காவிலும் சீனாவிலும் ஆட்கள் எவ்வளவு கைப்பேசி, கணினி வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அங்கே வட்டி ஏறினால் ஆர்டர் குறையும். 2023இல் மலேசியாவின் ஏற்றுமதி சரிந்தது, ஓ.டி.யும் சேர்ந்து சரிந்தது. அந்த ஆண்டு மே மாதம்தான் இங்கே ஓ.பி.ஆர். 3.00க்கு ஏறியது. மாதக் கட்டு ஏறுவதும் ஓ.டி. குறைவதும் ஒரே ஆண்டில் வந்தன. அமெரிக்காவில் பெரும்பாலோர் முப்பது வருஷத்துக்கு ஒரே வட்டியில் கடன் வாங்குகிறார்கள், மத்திய வங்கி என்ன செய்தாலும் பழைய கடன்காரரின் கட்டு மாறாது. நம்முடைய வீட்டுக் கடன் பெரும்பாலும் ஏறி இறங்கும் வட்டி. இந்த நாட்டில் வட்டியின் ஆபத்தைச் சுமப்பது பேங்க் இல்லை, கடன் வாங்கியவர்தான்.

அவர்களுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இவ்வளவுதான். ஓ.டி.யை முழுசாக விட்டுவிடுங்கள். இப்போதைய வட்டிக்கு மேல் ஒன்றரை விழுக்காடு ஏற்றிக் கட்டிப் பாருங்கள். அதில் மூச்சு விட முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் சிறிய வீடு பாருங்கள், இல்லையென்றால் தீவை விட்டுப் பெருநிலத்தில் சிம்பாங் அம்பாட் பக்கம் பாருங்கள். அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வட்டி இறக்கம் வாங்குகிறவர் கைக்கே முழுசாகப் போய்ச் சேரும் ஓர் இடம் உண்டு. விலையை அரசாங்கம் கட்டிப்போட்ட வீடுகள். பினாங்கின் லோ காஸ்ட் வீட்டை வட்டி இறங்கியது என்று மேம்பாட்டாளர் விலை ஏற்றி விற்க முடியாது. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு வெள்ளியும் குடும்பத்தின் வெள்ளி. கொடுமை என்னவென்றால் அந்த வீட்டுக்குப் பெயர் வந்த பிறகும் கடன் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் நம்மில் நிறைய. தோசைக் கடை வைத்திருப்பவர், கிராப் டாக்சி ஓட்டுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் யாருக்கும் பேஸ்லிப் இல்லை. மோட்டார் சைக்கிள் கடனில் இரண்டு மாதம் தவறியது சிசிரிஸில் இருக்கிறது. இவர்களுக்காகவே எஸ்.ஜே.கே.பி. என்ற அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவருக்குப் பேங்க் கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் திட்டம். கவுண்டரில் யாரும் தானாக இதைச் சொல்வதில்லை, பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கடை வரவு செலவை ஒரு கணக்கில் போட்டு எடுங்கள், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட் கையில் இருக்கட்டும், மோட்டார் பாக்கியை முதலில் தீருங்கள். அடுத்த ஓ.பி.ஆர். கூட்டத்தில் என்ன முடிவானாலும், கோப்பு அதற்குள் தயாராக இருக்கட்டும்.